மெனிஸ்கஸ் தையல் போட்ட முட்டி: திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்கள்

ஈரோட்டுப் பக்கம் பிசியோதெரபி பார்க்கிறேன். முட்டிக்குள் மெனிஸ்கஸ் என்ற ஜவ்வு கிழிந்து தையல் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதுவும் மூன்றாவது மாதத்தில், ராத்திரி பத்து மணிக்கு, வாட்ஸப் வாய்ஸ் மெசேஜில். பேசிப் பேசித் தொண்டை கட்டியதுதான் மிச்சம் என்பதால் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்ப்பேச்சிலேயே விட்டிருக்கிறேன். இதில் வரும் வாரக் கணக்கு, மாதக் கணக்கு எல்லாம் பொதுவானவை. உங்கள் சர்ஜன் வேறு கணக்குச் சொல்லியிருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். கிழிசலை உள்ளே போய்ப் பார்த்தவர் அவர்தான்.

ஜவ்வு ஆபரேசன்னா எல்லாம் ஒண்ணுதானுங்களே? எங்க மாமன் பத்தாம் நாளே கடைக்கு நடந்து போனாருங்க. எனக்கு மட்டும் ஏனுங் ஒன்றரை மாசம் ஊணுகோல்?

நம் ஊரில் முட்டிக்குள் இருக்கிற எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான், ஜவ்வு. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் கயிறு மாதிரி இழுத்துப் பிடிக்கும் ஏசிஎல்லும் ஜவ்வு, இரண்டு எலும்புக்கும் நடுவில் வாஷர் மாதிரி உட்கார்ந்திருக்கும் மெனிஸ்கஸும் ஜவ்வு. மெனிஸ்கஸ் ஒரு முட்டிக்கு இரண்டு உண்டு, உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, பிறை நிலா வடிவத்தில்.

அது கிழிந்தால் வைத்தியம் இரண்டு விதம். கிழிந்து தொங்கும் துண்டை மட்டும் நறுக்கி எடுப்பது ஒன்று. டிஸ்சார்ஜ் சீட்டில் மெனிசெக்டமி என்று எழுதியிருப்பார்கள். உள்ளே ஒட்டிக் கூட வேண்டியது எதுவும் இல்லாததால் ஓரிரு நாளில் ஊன்றி நடக்கவிடுவார்கள். கிழிந்ததைச் சேர்த்துத் தைப்பது இன்னொன்று. அதற்கு மெனிஸ்கஸ் ரிப்பேர் என்று பெயர். தைத்த இடம் கூடும்வரை அதன்மேல் பாரம் வைக்காமல், அதிகம் மடக்காமல் காவல் காக்க வேண்டும். வழக்கமாக 4 முதல் 6 வாரம் முட்டியைப் பிடித்துவைக்கும் பிரேஸ் பட்டை, ஊன்றுகோல், மடக்குவது 90 டிகிரிக்குள். பிரேஸை நேராகப் பூட்டிக்கொண்டு முன்னாடியே ஊன்ற விடுவதும் உண்டு, எலும்பில் பிடித்திருக்கும் வேரோடு பிய்ந்ததைத் தைத்திருந்தால் 6 வாரம் ஊன்றவே விடாததும் உண்டு. மாமன் சீட்டை வாங்கிப் பாருங்கள், அநேகமாக மெனிசெக்டமியாகத்தான் இருக்கும்.

அப்ப எனக்கும் வெட்டியே எடுத்திருக்கலாமுங்களே? தறி ஓட்டுறவன் நானு, ஒன்றரை மாசக் கூலி போச்சுங்க.

கூலி போன வயிற்றெரிச்சல் நியாயம்தான். ஆனால் வெட்டி எடுத்துப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. 1883-லேயே எடின்பரோவில் தாமஸ் அன்னண்டேல் என்ற சர்ஜன் கிழிந்த மெனிஸ்கஸைத் தைத்துக் காட்டினார். அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ரொம்ப காலத்துக்கு, கிழிந்தால் முழுசாக எடுத்து வீசுவதுதான் உலகம் முழுக்க வழக்கம். குடல்வால் மாதிரி தேவையில்லாத சதை என்றே நினைத்தார்கள். அப்படி எடுத்த முட்டிகளில் எலும்பு இடைவெளி குறைந்து தேய்மானம் வருவதை 1948-ல் ஃபேர்பேங்க் என்பவர் எக்ஸ்ரேயில் எடுத்துக் காட்டினார். அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்லக் காப்பாற்றப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

வாஷர் இல்லாத பம்ப்செட் கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடும். உங்களுக்கு வயது 34. இன்னும் முப்பது வருசம் தறிக் குடோனில் நிற்க வேண்டிய கால் அது. தைக்க முடிந்த கிழிசலாக அமைந்ததே ஒருவகையில் அதிர்ஷ்டம், எல்லாக் கிழிசலையும் தைக்க முடியாது.

மூணு மாசம் ஆச்சுங், இன்னும் வலி உட்ட பாடில்லை. தையல் பிரிஞ்சுபோச்சுங்களா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. மெனிஸ்கஸின் வெளி ஓரத்தில் சுமார் கால் பங்குக்கு மட்டும்தான் ரத்த ஓட்டம் உண்டு. உள் ஓரத்துக்குக் கிடையாது. கையில் வெட்டுப்பட்டால் பத்து நாளில் ஆறுவது ரத்தம் பாய்வதால். இங்கே வாய்க்கால் தண்ணீர் கடைமடைக்குப் போகிற கதைதான், சொட்டுச் சொட்டாகப் போய்ச் சேரும். மூன்று மாதம் என்பது கூடி வருகிற காலத்தின் நடுப்பகுதி. அப்போது வலி இருப்பதே தையல் பிரிந்ததற்கு அத்தாட்சி ஆகாது.

வலியை அளவால் எடை போடாதீர்கள், ரகத்தால் பாருங்கள். வேலை செய்த பிறகு வந்து, படுத்து எழுந்தால் அடங்கும் மந்தமான நோவு இந்தக் கட்டத்தில் சகஜம். பிரேஸைக் கழற்றிய வாரம், ஊன்றுகோலை விட்ட வாரம், பஸ் ஏற ஆரம்பித்த வாரம், இந்த மூன்றிலும் வலி கூடுவது கிட்டத்தட்ட எல்லோருக்கும் நடக்கிறது. நன்றாக இருந்த முட்டி ஒரு குறிப்பிட்ட நொடியில், திரும்பும்போதோ குத்தவைத்து எழும்போதோ சுருக்கென்று வெட்டி, அன்றைக்கே வீங்கினால் அது வேறு ரகம். அதற்கு சர்ஜனைப் பார்த்தே ஆக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறவர்களுக்கு உதவுவது வலியைவிட வீக்கம். அடுத்த பதில் அதற்குத்தான்.

காலைல நல்லாத்தான் இருக்குதுங்க, பொழுதோட பார்த்தா முட்டி உப்பிக்குது. தண்ணி கோத்துருச்சுங்களா?

ஆமாம், கோத்திருக்கிறது. முட்டி தன் குறையைச் சொல்கிற வழியே அதுதான், உள்ளே உறுத்தினால் நீரைச் சுரக்கும். எவ்வளவு, எப்போது வடிகிறது என்பதுதான் நமக்கு வேண்டிய சேதி. சாயங்காலம் கொஞ்சம் உப்பி, விடிந்ததும் பழையபடி ஆகிவிட்டால் அன்றைய வேலை முட்டிக்குத் தாங்கியது என்று அர்த்தம். மறுநாள் காலையிலும் இறங்காமல் இருந்தால் முந்தின நாள் வேலை அதிகம். அன்றைக்குப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி. மல்லாந்து படுத்துக் காலை நீட்டித் தொடையைத் தளர்த்துங்கள். முட்டிச் சில்லுக்கு உள்பக்கம் ஒரு குழி இருக்கும். உள்ளங்கையால் அந்தக் குழியை மேல்நோக்கித் தொடைப் பக்கமாக இரண்டு மூன்று தடவை வழித்துவிடுங்கள். பிறகு சில்லின் வெளிப்பக்கத்தில் மேலிருந்து கீழே ஒரு தடவை வழியுங்கள். உள்பக்கக் குழியில் சின்ன அலை மாதிரி எழும்பி நிரம்பினால் உள்ளே நீர் இருக்கிறது. முதல்முறை செய்யும்போது ஒன்றும் தெரியாது; நல்ல முட்டியில் பத்துத் தடவை செய்து கை பழகட்டும்.

இன்னும் எளிது டேப். திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் அம்மிணி ஒருவர், கழுத்தில் தொங்கும் தையல் டேப்பால் தினம் காலையில் சில்லின் நடுவில் இரண்டு முட்டியையும் அளந்து, கிழித்த காலண்டர் தாளின் முதுகில் எழுதிக்கொண்டு வந்தார். நல்ல முட்டி 36 சென்டிமீட்டர், தைத்தது 37½, 37½, 37. ஒரு நாள் மட்டும் 39. கேட்டால், கொழுந்தனார் மகன் கல்யாணத்தில் காலை நாலு மணியிலிருந்து நின்றாராம். மூன்று நாளில் மறுபடி 37½. அந்தத் தாளைப் பார்த்த பிறகு அவரிடம் நான் கேட்க எதுவும் இருக்கவில்லை.

ஊசி போட்டு அந்தத் தண்ணியை உறிஞ்சி எடுத்துட்டா சோலி முடிஞ்சுதுங்களே?

சுரக்கிற காரணம் இருக்கிறவரை மறுபடி சுரக்கும். பானையில் ஓட்டை இருக்க, தரையைத் துடைப்பது மாதிரி. முட்டி விறைத்துப்போகிற அளவு நீர் கோத்தாலோ, சீழ் சந்தேகம் இருந்தாலோ டாக்டர் எடுப்பார். மற்றபடி ஓய்வு, காலைத் தலையணையில் உயர்த்திவைப்பது, ஐஸ். ஐஸை ஈரத் துணியில் சுற்றி 15, 20 நிமிடம். வெறும் ஐஸைத் தோலில் வைக்காதீர்கள். தோல் மரத்துப்போன இடத்தில் வைப்பதாக இருந்தால் கையால் தொட்டுத் தொட்டுப் பாருங்கள். அங்கே ஐஸ் பட்டுத் தோல் புண்ணானாலும் உங்களுக்குத் தெரியாது.

முட்டி பரவாயில்லீங்க, கெண்டைக்கால்தான் வலிக்குது. அதுவும் இதே நோவுதானுங்களா?

இதை மட்டும் மெசேஜில் கேட்டுவிட்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம். ஆபரேசன் முடிந்த முதல் சில வாரங்களில், நடமாட்டம் குறைந்திருக்கும்போது, கெண்டைக்கால் நரம்பில், சரியாகச் சொன்னால் ரத்தக் குழாயில், ரத்தம் உறையலாம். ஒரு காலின் கெண்டை மட்டும் கல்லு மாதிரி இறுகி, சூடாகி, வீங்கி, அமுக்கினால் வலித்தால் அன்றே ஆஸ்பத்திரி. கூடவே திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், இருமலில் ரத்தம் வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். கெண்டையை நீவி விடாதீர்கள்.

காய்ச்சலோடு முட்டி செவந்து, தொட முடியாத சூடாகி, நாளுக்கு நாள் வலி ஏறினாலும், ஆபரேசனுக்கு ஓட்டை போட்ட இடத்தில் சீழோ ஓயாத கசிவோ வந்தாலும் அதேபோல உடனே. உள்ளே கிருமி புகுந்தால் குருத்தெலும்பு நாள் கணக்கில் கெட்டுப்போகும். கையில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையைப் போட்டுச் சமாளிக்கிற விசயம் கிடையாது.

மடக்கி நீட்டும்போது டக்கு டக்குனு சத்தம் வருதுங்க. பக்கத்துல உக்காந்திருக்கறவங்களுக்கே கேக்குது. தையல் அறுந்த சத்தமுங்களா?

சத்தம் மட்டும் என்றால் விட்டுவிடுங்கள். மூட்டு நீருக்குள் காற்றுக் குமிழ் உடையும், தசைநார் எலும்பு மேட்டைத் தாண்டும், வலுவிழந்த தொடைச் சதையால் சில்லு கொஞ்சம் தடம் மாறி ஓடும். மூன்றும் சத்தம் போடும், மூன்றும் தையலைத் தொடாது. கவலைப்படவேண்டிய டக்குக்கு மூன்று துணை இருக்கும்: ஒவ்வொரு தடவையும் ஒரே கோணத்தில் வரும், இரண்டு எலும்பும் சேர்கிற மூட்டுக் கோட்டில் ஒரே இடத்தில் சுருக்கென்று குத்தும், அதன்பிறகு வீங்கும். ஆபரேசனுக்கு முன்னால் கிழிந்திருந்தபோது எப்படி மாட்டியதோ அதே மாதிரி மாட்டுகிறது என்று நீங்களே சொன்னால், நான் டேப்பைக்கூடப் பார்க்க மாட்டேன், சர்ஜனிடம் அனுப்பிவிடுவேன்.

கால் முழுசா நீட்ட வரமாட்டேங்குதுங்க. கொஞ்சூண்டுதான் குறையுது, அதனால என்னங்க?

மடங்காததைவிட நீளாததுதான் எனக்குப் பயம். மடக்கம் மெல்ல வந்துவிடும். நீட்டம் நாளாக நாளாகப் பிடித்துக்கொள்ளும். காலைத் தாங்கித் தாங்கி நடந்து இடுப்பும் கெடும்.

ஏன் நீளவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, முட்டியை அந்தரத்தில் விட்டுப் பத்து நிமிடம் படுங்கள். மெல்ல மெல்லத் தானாக இறங்கி நேரானால் அது இறுக்கம்தான், தினம் மூன்று நாலு தடவை அப்படியே செய்தால் போதும். அடுத்தவர் தூக்கினால் நேராக இருக்கிறது, நீங்களாகக் காலைத் தூக்கும்போது மட்டும் முட்டி தொய்கிறது என்றால் தொடைச் சதைக்கு வலு இல்லை. இரண்டும் இல்லாமல், கதவுக்கடியில் கல் மாட்டியது மாதிரி ஓர் இடத்தில் கெட்டியாக நின்றுகொண்டு அதற்குமேல் யார் அழுத்தினாலும் போகாமல் இருந்தால், கிழிந்த துண்டு புரண்டு மாட்டியிருக்கலாம். உள்ளே தழும்புச் சதை வளர்ந்திருந்தாலும் இப்படி நிற்கும். அழுத்திச் சரிசெய்யப் பார்க்காமல் சர்ஜனிடம் போங்கள், அந்த வாரமே.

தொடை சூம்பிப்போச்சுங்க. நடக்கறப்ப திடீர்னு முட்டி உட்டுப்போட்டு மடங்குது.

முட்டிக்குள் கொஞ்சம் நீர் கோத்தாலே மூளை தொடையின் முன்சதைக்கு அனுப்பும் உத்தரவைக் குறைத்துவிடும். குறிப்பாக உள்பக்கச் சதை, சில்லுக்கு மேலே திரண்டிருக்குமே, அது முதலில் படுத்துக்கொள்ளும். சோம்பேறித்தனத்தால் சூம்பியது என்று வீட்டில் திட்டுகிறார்கள். உண்மையில் மின்சார வாரியம் பீஸைப் பிடுங்கிவிட்டது, மோட்டார் என்ன செய்யும்? அதனால்தான் வீக்கம் வீக்கம் என்று மேலே அத்தனை பேசினேன். வீக்கம் இருக்கும்வரை எத்தனை பயிற்சி செய்தாலும் சதை பிடிப்பது கஷ்டம்.

துண்டைச் சுருட்டி முட்டிக்கடியில் வைத்து, சில்லைத் தொடைப் பக்கம் இழுக்கிற மாதிரி தொடையை இறுக்கி, பத்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். இது எளிதாக வந்த பிறகே காலை நேராகத் தூக்குவது, அதற்குப் பிறகே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அரைவாசி உட்கார்ந்து எழுவது. சில்லின் மேல் ஓரத்திலிருந்து ஒரு சாண் மேலே இரண்டு தொடையையும் மாதம் ஒருமுறை அளந்து அதே காலண்டர் தாளில் எழுதுங்கள். திரும்பும்போது முட்டி பக்கவாட்டில் நழுவுகிற மாதிரி இருந்தால் அது சதைப் பிரச்சினை மட்டுமாக இருக்காது. ஏசிஎல்லையும் பார்க்கச் சொல்லுங்கள்.

படி ஏறயில ஒண்ணுமில்லீங்க, எறங்கயிலதான் சில்லுகிட்ட வலிக்குது. தையல் போட்டது உள்பக்கமாச்சே?

தைத்த இடத்துக்கும் இந்த வலிக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இல்லை. படி இறங்கும்போது சில்லின்மேல் விழும் அழுத்தம் உடல் எடையைப் போல மூன்று மடங்கைத் தாண்டும். அதைத் தாங்க வேண்டிய தொடைச் சதைதான் சூம்பிப்போயிருக்கிறதே. சதை தேறினால் இது போகும். அதுவரை கைப்பிடியைப் பிடித்து, ஆபரேசன் ஆன காலை முதலில் இறக்குங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில். டவுன் பஸ் படி வீட்டுப் படியைவிட உயரம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

முட்டிக்குக் கீழ உள்பக்கம் மரத்துக் கெடக்குதுங்க, லுங்கி பட்டாக்கூட ஒரு மாதிரி கூசுது.

தோலுக்கு உணர்ச்சி கொடுக்கும் மெல்லிய நரம்புக் கிளைகள் ஓட்டை போடுகிற இடத்தின் வழியாகத்தான் ஓடுகின்றன. உள்பக்க மெனிஸ்கஸைத் தைக்க முட்டியின் உள்பின்பக்கம் தனியாகக் கீறியிருந்தால் கணுக்கால்வரை மரப்பு இறங்கலாம். மாதக்கணக்கில் மெல்லச் சுருங்கும். சிலருக்கு ரூபாய்க் காசு அளவு நிரந்தரமாகத் தங்கிவிடும், நடைக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. பருத்தித் துணி, பஞ்சு, துண்டு என்று மாற்றி மாற்றித் தடவிப் பழக்கினால் கூச்சம் குறையும். பாதத்தைத் தூக்கவே முடியவில்லை என்றால் கதை வேறு, அன்றே காட்டுங்கள். கால் முழுக்க எரிந்து, தோல் நிறம் மாறி, வேர்த்து, தொட்டாலே துடித்தாலும் தள்ளிப்போடாதீர்கள். நரம்பு வலிக்குத் தனி மருந்து இருக்கிறது, சீக்கிரம் ஆரம்பித்தால்தான் கேட்கும்.

குத்த வெச்சு உக்காரலாமுங்களா? பால் பீச்சறதுக்கு வேற ஆளு இல்லீங்க.

முட்டியை முழுசாக மடக்கும்போது மெனிஸ்கஸ் பின்னால் தள்ளப்பட்டு, அதன் பின்பகுதி இரண்டு எலும்புக்கு நடுவில் நசுங்கும். பெரும்பாலான தையல் விழுவதும் அந்தப் பின்பகுதியில்தான். எடையைத் தாங்கிக்கொண்டு ஆழமாகக் குத்தவைப்பதைப் பொதுவாக 4 முதல் 6 மாதம்வரை தள்ளிவைக்கச் சொல்வது அதனால். மற்ற எதையும் விட்டுக்கொடுப்பேன், இதில் மட்டும் நான் கறார்.

வெளிநாட்டுக்காரன் எழுதிய பயிற்சிச் சீட்டில் இதற்கு ஒரு வரிதான் இருக்கும். அவனுக்கு கக்கூஸும் நாற்காலி, சாப்பாடும் நாற்காலி. நமக்கு விடிந்தால் கக்கூஸ், பிறகு பால், பிறகு வாசல் கோலம், பிறகு களையெடுப்பு, எல்லாமே குத்தவைத்துத்தான். ஆபரேசனுக்குத் தேதி குறித்த அன்றே நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கமோடு நாற்காலி ஒன்று வாங்கிவிடுங்கள். சொசைட்டிப் பால் நேரத்துக்குப் பங்காளி வீட்டிலோ பக்கத்துத் தோட்டத்திலோ ஆளைச் சொல்லிவையுங்கள். முக்காலி போட்டுப் பீச்சுகிறேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: முக்காலியில் மடக்கம் குறையும், ஆனால் மாடு ஒரு எட்டு நகர்ந்தால் நீங்கள் எப்படி எழுவீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பந்தியில் சம்மணம் போடுவதும் இதே கணக்கில்தான் வரும். இப்போதுதான் எல்லா மண்டபத்திலும் டேபிள் போட்டுவிட்டார்களே.

முடவாட்டுக்கால் சூப்பு குடிச்சா ஜவ்வு சீக்கிரம் கூடுமுங்களா? எண்ணெய் போட்டு நீவி ஒரு கட்டு கட்டுனா?

கொல்லிமலையிலிருந்து வருகிற முடவாட்டுக்கால் கிழங்கு, ஆட்டுக்கால், பிரண்டைத் துவையல், மூன்றையும் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. சூடாக நன்றாக இருக்கும், குடியுங்கள். தைத்த மெனிஸ்கஸ் அதனால் சீக்கிரம் கூடும் என்று நான் சொல்ல மாட்டேன். வேளாவேளைக்கு முட்டை, பருப்பு, பயறு என்று புரதம் சேர்ந்தால் சதைக்கு நல்லது. சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். பீடி, சிகரெட்டை நிறுத்த வேண்டும். மேலே சொன்ன கடைமடை வாய்க்காலை இன்னும் அடைப்பது புகைதான்.

நீவுவதும் கட்டுவதும் வேண்டவே வேண்டாம். வர்மம் பிடிக்கிறேன், சுளுக்கெடுக்கிறேன் என்று முட்டியை ஒரு திருகு திருகினால், தையல் தாங்குமா என்று அங்கேயே தெரிந்துவிடும். இரண்டு பேரை அந்த நிலையில் பார்த்திருக்கிறேன்.

வலி மாத்திரை போட்டுட்டு ஷிப்டுக்குப் போலாமுங்களா?

வலியை அமுக்கிக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் நின்றால் சாயங்காலம் டேப் சொல்லும். மாத்திரை டாக்டர் சொன்ன நாள்வரைக்கும்தான். மருந்துக்கடையில் தானாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் கிட்னியும் கெடும். தறிக் குடோனில் நிற்பதைவிட ஆபத்து இன்னொன்று இருக்கிறது, இரண்டு தறிக்கு நடுவே சந்தில் பாதத்தை ஊன்றியபடியே உடம்பை மட்டும் திருப்புவது. முட்டி திருகப்படுவது அங்கேதான். இரண்டு சின்ன எட்டு வைத்து முழு உடம்போடு திரும்பப் பழகுங்கள்.

வண்டி எப்ப எடுக்கலாமுங்க?

பிரேஸும் ஊன்றுகோலும் போய், திடீர் பிரேக்கை யோசிக்காமல் மிதிக்க முடிகிற அன்றைக்கு. பொதுவாக 6 வாரத்துக்குப் பிறகே. வலது முட்டியானால் பழைய எக்ஸ்எல்லைக் கிக் அடிக்கிற வேலையை மட்டும் வேறு யாருக்காவது கொடுங்கள். சென்டர் ஸ்டாண்டு போடுவதும் அப்படித்தான்.

ஏழாவது மாசம் எம்ஆர்ஐ எடுத்தோமுங்க. ரிப்போர்ட்ல மறுபடியும் கிழிசல்னே போட்டிருக்குது. ஆபரேசன் வீணாப் போச்சுங்களா?

வயிற்றைக் கலக்குகிற ரிப்போர்ட்தான், ஆனால் அவசரப்படாதீர்கள். தைத்துக் கூடிய மெனிஸ்கஸும் எம்ஆர்ஐயில் பழைய கிழிசல் இருந்த இடத்தில் வெள்ளைக் கோடு காட்டும். தழும்பு காட்டுவது மாதிரி, வருசக்கணக்கில் காட்டும். படம் பார்ப்பவருக்குத் தையல் போட்ட விவரமே தெரியாமல் இருந்தால் கிழிசல் என்றுதான் எழுதுவார். மூட்டு நீர் அந்தக் கோட்டுக்குள் புகுந்திருக்கிறதா, துண்டு இடம் மாறியிருக்கிறதா என்பதை வைத்தே புதுக் கிழிசலா என்று சொல்ல முடியும். சில சமயம் மூட்டுக்குள் மருந்து செலுத்தி மறுபடி எடுக்க வேண்டிவரும். முட்டி வீங்கவில்லை, முழுசாக நீள்கிறது, மாட்டவில்லை என்றால் நான் முட்டியைத்தான் நம்புவேன். எம்ஆர்ஐ எடுக்கப் போகும்போது ஆபரேசன் சீட்டையும் பழைய படத்தையும் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள்.

நிசமாவே மறுபடி கிழிஞ்சிருந்தா என்னங்க பண்றது?

ஒளிக்காமல் சொல்கிறேன். ஐந்து வருசத்துக்கு மேல் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தால், தைத்தவற்றில் ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்றுவரை தோற்றிருக்கின்றன. குறைவான எண்ணிக்கை இல்லை அது. உங்கள் தப்பால்தான் என்றும் சொல்ல முடியாது, ரத்தம் பாயாத இடத்துக் கிழிசல் எல்லா விதியையும் கடைப்பிடித்தாலும் கூடாமல் போகலாம். அப்போது மறுபடி தைப்பார்கள், அல்லது கூடாத துண்டை மட்டும் எடுப்பார்கள். முதல் தடவையே எடுத்திருந்தால் போயிருக்கக்கூடிய அளவைவிட இப்போது போவது குறைவாக இருக்கலாம். தொந்தரவே இல்லாத மறுகிழிசலை ஒன்றும் செய்யாமல் விட்டுவைப்பதும் உண்டு.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கறதா வேண்டுதலுங்க. அஞ்சு மாசம் ஆச்சு. வள்ளிக் கும்மி அரங்கேத்தமும் வருது. ரெண்டுல எதுக்குப் போலாமுங்க?

ஐந்தாம் மாதத்தில் இரண்டுமே சீக்கிரம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நடை நேர்கோடு, முட்டிக்குப் பழக்கமான வேலை. கேடு நடக்கிற தூரத்தின் அளவில்தான் இருக்கிறது. ஈரோட்டிலிருந்து பழனிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரே நாளில் ஐந்து கிலோமீட்டர் நடந்து மறுநாள் காலை டேப் ஏறாமல் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு எட்டு, பிறகு பத்து. அப்படி ஏறி வந்தவருக்கு அடுத்த வருசம் நடப்பது சாத்தியம்தான். இந்த வருசம் காரில் போய் வின்ச்சிலோ ரோப் காரிலோ ஏறி முருகனிடம் ஒரு வருசம் வாய்தா கேளுங்கள். சென்னிமலையானால் 1,320 படியை விட்டுவிட்டு ரோட்டு வழியாகவே மேலே போய்விடலாம்.

கும்மி வேறு. பார்க்க மெதுவாக ஆரம்பிக்கும். ஆசிரியர் பாட்டை வேகமாக்கியதும் குனிந்து, எம்பி, பாதத்தில் சுழன்று, மறுபக்கம் திரும்பி, அரை மணி நேரம் விடாமல் போகும். முட்டிக் கணக்கில் அது கபடிக்கு அண்ணன். 6 மாதம் முடிந்து, ஏசிஎல்லும் சேர்த்துச் செய்திருந்தால் 9 மாதமாவது முடிந்து, தொடையளவு நல்ல காலுக்குக் கிட்ட வந்து, ஒற்றைக் காலில் குதித்து ஆடாமல் நிற்க முடிந்தால் கடைசி வரிசையில் மெதுநடைப் பாட்டுக்கு மட்டும் சேருங்கள். அரங்கேற்றத்தன்று தாளம் தட்டக் கை போதும்.

மார்கழிப் பனிக்கு மட்டும் நோவுதுங்க. காலம் பூராவும் இப்படித்தானுங்களா?

குளிருக்கு மூட்டு இறுகுவது ஆபரேசன் ஆகாதவர்களுக்கும் உண்டு. விடியற்காலை வெந்நீர், ஒரு முட்டி உறை, கொஞ்சம் சைக்கிள் மிதித்தால் விட்டுவிடும். வீக்கம் இல்லாதவரை இதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

டாக்டரைப் பாக்கப் போனா ரெண்டே நிமிசத்துல அனுப்பிப்போடறாங்க. என்னன்னு சொல்றதுங்க?

"வலிக்குதுங்க" என்று ஆரம்பித்தால் மாத்திரை எழுதித்தான் அனுப்புவார்கள். எத்தனையாவது வாரம், நீட்ட வருகிறதா, எந்தக் கோணத்தில் மாட்டுகிறது, எந்த இடத்தில் ஒற்றை விரலால் தொட்டுக் காட்ட முடிகிறது, எந்த வேலைக்குப் பிறகு வீங்கி எத்தனை நாளில் வடிந்தது. இந்த ஐந்தையும் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும்போதே மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிடுங்கள். காலண்டர் தாளை மேசைமேல் வையுங்கள். லூசான கால்சட்டையோ வேட்டியோ கட்டிப் போங்கள். இறுக்கமான ஜீன்ஸ் முட்டிக்குமேல் ஏறாது, முட்டியைப் பார்க்காமலேயே அந்த இரண்டு நிமிசமும் போய்விடும்.